ஒளியை வளர்க்கும் கணவாய்

ஹவாய் தீவுகளைச் சூழ்ந்த ஆழமற்ற கடலில், பவளத்திட்டுகளுக்கும் கரைக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில், யூப்ரிம்னா ஸ்கோலோப்ஸ் என்னும் அறிவியற்பெயர் கொண்ட கணவாய் ஒன்று வாழ்கிறது. கைகளை நீக்கி உடலை மட்டும் அளந்தால் அதன் நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர், எடை சில கிராம், ஆயுள் ஓராண்டுக்கும் குறைவு. மீன்சந்தையில் எவரும் விலை கேட்க மாட்டாத இந்த உயிர், விலங்குகளும் பாக்டீரியாக்களும் எவ்வாறு சேர்ந்து வாழ்கின்றன என்னும் கேள்விக்கு உயிரியல் கடந்த 30 ஆண்டுகளில் பெற்ற விடைகளுள் மிகத் தெளிவானவை சிலவற்றை அளித்திருக்கிறது. ஸ்டில்மன் பெர்ரி என்னும் அமெரிக்க மெல்லுடலி ஆய்வாளர் 1913இல் இதை முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டார். நீண்டு கூர்ந்த உடலையுடைய ஊசிக்கணவாயைப் போலன்றி இதன் உடல் உருண்டையானது, பின்முனை மழுங்கியது, இருபுறமும் வட்டமான இரு சிறு துடுப்புகளைக் கொண்டது. ஓட்டுக்கணவாயின் முதுகுக்குள் இருக்கும் வெள்ளை ஓடும் இதற்குக் கிடையாது. செப்பியோலிடே என்னும் குடும்பத்தில் அடங்கும் இத்தகைய கணவாய்களைக் குட்டைக் கணவாய்கள் என்று அழைக்கலாம். ஹவாய் குட்டைக் கணவாய் அந்தத் தீவுக்கூட்டத்தின் கடலைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படுவதில்லை.

பகலில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். விடியும் வேளையில் அது மணலுக்குள் புதைந்து, சுற்றியுள்ள மணலைக் கைகளால் இழுத்துத் தலைமேல் போர்த்திக்கொள்கிறது. தோலில் சுரக்கும் பசையால் மணல்துகள்கள் உடலோடு ஒட்டிக்கொள்வதால், மேலே நீந்திச் செல்லும் மீனின் கண்ணுக்கு அங்கே வெறும் மணல் மட்டுமே தெரியும். வெளியே வந்த பின்னும் இந்த மணற்பூச்சு உடலில் ஒட்டியிருக்கலாம். ஆபத்து நெருங்கினால் அதை ஒரே கணத்தில் கழற்றிவிட்டு ஓடவும் கணவாய்க்குத் தெரியும். சிறு இறால்களைத் தேடி அது வேட்டைக்குக் கிளம்புவது இருட்டிய பிறகுதான்.

அந்த இருட்டிலும் முழுப் பாதுகாப்பு இல்லை. நிலவொளியும் விண்மீன் ஒளியும் ஆழமற்ற நீரை எளிதில் ஊடுருவுவதால், மணலில் அசையாமல் கிடந்து மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் பல்லிமீன் போன்ற கொன்றுண்ணிக்கு, நீரின் நடுவே மிதக்கும் கணவாய் ஒளிப்பின்னணியில் ஒரு கரும்புள்ளியாகத் தெரிந்துவிடும். மேலிருந்து விழும் ஒளி எவ்வளவோ அவ்வளவு ஒளியைத் தன் அடிப்பக்கத்திலிருந்து கீழ்நோக்கி வீசிவிட்டால் அந்தக் கரும்புள்ளி மறையும். கணவாய் செய்வதும் அதைத்தான். எதிரொளியூட்டல் என்று பெயர் கொடுக்கத்தக்க இந்த உத்தி ஆழ்கடல் மீன்கள் பலவற்றிடமும் உண்டு. ஆய்வகத்தில் மேலிருக்கும் விளக்கின் ஒளியைக் கூட்டும்போது இந்தக் கணவாயும் தன் ஒளியைக் கூட்டுகிறது என்பதை 2004இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது.

இதற்கான உறுப்பு கணவாயின் உடலைச் சூழ்ந்துள்ள தசையுறைக்குள், மைப்பையை ஒட்டி, இரு மடல்களாக அமைந்திருக்கிறது. ஒளி மேல்நோக்கிச் சென்று வீணாகாமல் அதைக் கீழே திருப்பிவிடும் பிரதிபலிப்புத் திசு உட்புறத்திலும், ஒளியைப் பரப்பி வெளியே விடும் தெளிந்த வில்லை வெளிப்புறத்திலும் உள்ளன. மைப்பை சுருங்கியும் விரிந்தும் ஒளியின் அளவைக் கட்டுப்படுத்துகிறது. பிரதிபலிப்புத் திசுவின் தகடுகள் ரிஃப்லெக்டின் எனப்படும் புரதங்களால் ஆனவை என்பது இந்தக் கணவாயில்தான் 2004இல் கண்டறியப்பட்டது. கண்ணின் அமைப்பை நினைவூட்டும் இந்த உறுப்பு கண்ணைப் போல ஒளியை உணரவும் செய்கிறது. கண்ணின் விழித்திரையில் ஒளியை உணர்வதற்குச் செயல்படும் மரபணுக்கள் இதிலும் செயல்படுவதையும், ஒளி படும்போது இது மின்னியல் எதிர்வினை காட்டுவதையும் 2009இல் ஆய்வாளர்கள் நிறுவினர். இத்தனை கருவிகள் இருந்தும் ஒரே ஒரு குறை உண்டு: ஒளியை உண்டாக்கும் ஆற்றல் இந்த உறுப்புக்கு இல்லை. ஒளி முழுவதும் விருந்தாளியாக வந்து தங்கும் ஒரு பாக்டீரியாவின் உழைப்பு.

அந்தப் பாக்டீரியாவின் பெயர் விப்ரியோ ஃபிஷெரி. ஒளிரும் பாக்டீரியாக்களைத் தொடக்கத்திலேயே ஆராய்ந்த ஜெர்மானிய மருத்துவர் பெர்ன்ஹார்ட் ஃபிஷரின் நினைவாக அமைந்த பெயர். 2007இல் வகைப்பாட்டாளர்கள் இதை அலிவிப்ரியோ என்னும் புதிய பேரினத்துக்கு மாற்றினர். கணவாய் ஆய்வாளர்களோ பெரும்பாலும் பழைய பெயரை விடுவதாக இல்லை. காலராவை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு உறவுமுறையான இது, கடல்நீரில் தனித்து மிதந்து வாழக்கூடியது. தனித்து வாழும்போது இது ஒளிர்வதில்லை என்பதும், நெருக்கமாகக் கூடிவிட்டால் மட்டுமே ஒளிர்கிறது என்பதும் உயிரியலின் போக்கையே ஓரளவு மாற்றிய செய்திகள். ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு சிறிய வேதிப்பொருளை இடைவிடாமல் வெளியிடுகிறது. திறந்த கடலில் அது கரைந்து போய்விடும், அடைபட்ட இடத்தில் கூட்டம் பெருகப் பெருக அதன் செறிவும் உயரும், ஒரு வரம்பைத் தாண்டியதும் எல்லாச் செல்களிலும் ஒளி தரும் மரபணுக்கள் ஒருசேர இயங்கத் தொடங்கும். கென்னத் நீல்சன், டெரி பிளாட், உட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் ஆகிய மூவரும் இந்த நிகழ்வை 1970இல் விவரித்தபோது, பாக்டீரியாக்கள் தமக்குள் செய்தி பரிமாறுகின்றன என்னும் கருத்தை ஏற்கப் பலர் தயங்கினர். அந்த வேதிப்பொருள் இன்னது என்பது 1981இல் தெரிந்தது. ஒளி மரபணுக்கள் 1983இல் பிரித்தெடுக்கப்பட்டன. மன்றக் கூட்டம் நடக்க இத்தனை பேராவது வேண்டும் என்னும் கோரம் விதியின் பெயரால் 1994இல் இதற்குக் கோரம் உணர்தல் என்று பெயரிடப்பட்டது. நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பலவும் போதிய எண்ணிக்கை சேரும்வரை காத்திருந்து தாக்குவது இதே முறையில்தான் என்பது பின்னர் தெளிவாயிற்று.

கணவாயும் பாக்டீரியாவும் சேர்ந்து ஆய்வகத்துக்கு வந்த வழியில் தமிழக மீனவர்களுக்கு நன்கு அறிமுகமான காரல் மீனுக்கும் ஒரு பங்கு உண்டு. காரல் மீன்களின் உணவுக்குழாயைச் சுற்றி வளையமாக ஓர் ஒளியுறுப்பு இருக்கிறது. அதிலும் ஒளி தருவது பாக்டீரியாதான், வேறோர் இனம். மார்கரெட் மெக்ஃபால்-நகாய் என்னும் அமெரிக்க உயிரியலாளர் தம் ஆய்வுவாழ்வின் தொடக்கத்தில் ஆராய்ந்தது இந்தக் காரல் மீன் குடும்பத்தின் ஒளியுறுப்புகளை. பாக்டீரியா விலங்கின் உடலுக்குள் முதன்முதலில் எப்படி நுழைகிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால், பாக்டீரியா இன்னும் நுழையாத குஞ்சுகள் ஆய்வகத்தில் வேண்டும். காரல் மீனை அவ்வாறு ஆய்வகத்தில் இனப்பெருக்கம் செய்வித்துக் குஞ்சு பெறுவது இயலாததாக இருந்தது. ஹவாய் குட்டைக் கணவாயோ ஆய்வகத் தொட்டியிலேயே ஒரே முறையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது. 20 நாள் அளவில் பொரிந்து வரும் குஞ்சுகளின் ஒளியுறுப்பில் ஒரு பாக்டீரியாவும் இருப்பதில்லை. உடல் கண்ணாடியாக இருப்பதால் ஒளியுறுப்பை நுண்ணோக்கியின் கீழ் நேரடியாகப் பார்க்க முடிகிறது. பாக்டீரியா இல்லாமலும் குஞ்சு ஆய்வகத்தில் உயிர்வாழ்கிறது, கணவாய் இல்லாமலும் பாக்டீரியா வளர்கிறது. இரு தரப்பையும் தனித்தனியே வளர்த்து, வேண்டிய நேரத்தில் சேர்த்து, வேண்டிய நேரத்தில் பிரித்துப் பார்க்கும் வசதி விலங்குகளின் கூட்டுவாழ்வில் இவ்வளவு எளிதாகக் கிட்டுவது அரிது. ஒளிரும் பாக்டீரியாக்களில் தேர்ந்த நுண்ணுயிரியலாளர் எட்வர்ட் ரூபியுடன் சேர்ந்து மெக்ஃபால்-நகாய் 1991இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரையோடு இந்த ஆய்வுத்துறை நிலைபெற்றது.

பொரிந்து வரும் குஞ்சின் உடல் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். அதைச் சூழ்ந்திருக்கும் கடல்நீரின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் பல்வேறு இனங்களைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 10 இலட்சம் இருக்கும். அவற்றுள் விப்ரியோ ஃபிஷெரி ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அந்தக் கூட்டத்திலிருந்து சரியான இனத்தை மட்டும், வேறெதையும் உள்ளே விடாமல், சில மணி நேரத்துக்குள் பிரித்தெடுத்துக்கொள்ள வேண்டியது குஞ்சின் முதல் வேலை. தாய் இந்தப் பாக்டீரியாவைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. முட்டையிட்டதோடு தாயின் பங்கு முடிந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் இந்தத் தேர்வை முதலிலிருந்து நடத்தியாக வேண்டும்.

தேர்வு நடக்கும் முறையை ஆய்வாளர்கள் ஏறத்தாழ மணிவாரியாகப் பின்தொடர்ந்திருக்கின்றனர். குஞ்சின் ஒளியுறுப்பின் இருபுறமும் நீட்சிகள் உள்ளன. அவற்றின் மேற்பரப்பில் குற்றிழைகள், அதாவது இடைவிடாமல் அசையும் நுண்ணிய மயிரிழைகள், அடர்ந்திருக்கின்றன. சுவாசத்துக்காக உள்ளிழுக்கும் நீர் இவற்றைக் கடந்து செல்லும்போது, குற்றிழைகளின் அசைவால் நீரோட்டம் சுழன்று, பாக்டீரியா அளவுள்ள துகள்கள் மட்டும் ஒளியுறுப்பின் அருகே ஒதுங்குமாறு ஆகிறது. பெரிய துகள்கள் அடித்துச் செல்லப்படுகின்றன. பாக்டீரியாக்களின் செல்சுவரில் உள்ள பெப்டிடோகிளைக்கான் என்னும் பொருள் நீரில் தென்பட்டதும் நீட்சிகளிலிருந்து கோழை சுரக்கிறது. இந்தக் கோழையில் பல இன பாக்டீரியாக்கள் ஒட்டினாலும், நேரம் செல்லச் செல்ல அங்கே மேலோங்குவது விப்ரியோ ஃபிஷெரியே. அதன் பிறகு, கோழையில் சிறு திரளாகச் சேர்ந்த பாக்டீரியாக்கள் உறுப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள மூன்று துளைகளை நோக்கி நகரத் தொடங்குகின்றன. துளைக்குள்ளிருந்து கசியும் கைட்டின் சர்க்கரைகளின் தடம் அவற்றை உள்ளே ஈர்க்கிறது. இறாலின் தோட்டிலும் பூச்சிகளின் மேலுறையிலும் உள்ள அதே கைட்டினின் சிறு துண்டுகள்தாம் இவை.

துளைக்குப் பின் வழி இன்னும் கடினமாகிறது. நாளங்களில் உள்ளிருந்து வெளியே அடித்துத்தள்ளும் குற்றிழைகள் உள்ளன. பாக்டீரியாவை நச்சூட்டிக் கொல்லவல்ல நைட்ரிக் ஆக்சைடும் வழியில் சுரக்கிறது. கசையிழை எனப்படும் வால் இல்லாத, அதனால் நீந்த முடியாத விப்ரியோ ஃபிஷெரி திரிபுகள் இந்தக் கட்டத்தில் தோற்றுவிடுகின்றன. நைட்ரிக் ஆக்சைடைச் சமாளிக்கும் நொதிகள் இல்லாதவையும் பின்தங்குகின்றன. இறுதியில் உள்ளறை ஒவ்வொன்றையும் சென்றடைவது பெரும்பாலும் ஒன்றோ ஒருசிலவோ ஆன செல்கள் மட்டுமே. கணவாய் இங்கே கையாள்வது தடைகள் நிறைந்த தேர்வுமுறை. அதில் பாக்டீரியாவைப் பொறுக்கியெடுக்கும் உறுப்பு எதுவும் தனியாக இல்லை, ஒவ்வொரு தடையும் பொருந்தாதவற்றை வடிகட்டிவிட, எல்லாவற்றையும் கடந்து வந்தது எதுவோ அதுவே தேர்ச்சி பெற்றது என்றாகிறது. உள்ளே சென்றவை கணவாய் தரும் அமினோ அமிலங்களை உண்டு விரைவாகப் பெருகி, கசையிழைகளை உதிர்த்து, 12 மணி நேரத்துக்குள் பல இலட்சமாகி ஒளிரத் தொடங்குகின்றன.

இதுவரை கணவாய் பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்லலாம். இதற்குப் பின் பாக்டீரியா கணவாயின் உடலை மாற்றுகிறது. கோழை சுரந்து பாக்டீரியாக்களைச் சேர்த்த அந்த நீட்சிகள் குடியேற்றம் நடந்த பின் தேவையற்றவை ஆகிவிடுகின்றன; அவற்றின் செல்கள் தம்மைத் தாமே முறையாக அழித்துக்கொள்ள, நான்கைந்து நாட்களில் நீட்சிகள் முழுவதும் மறைகின்றன. பாக்டீரியா கிடைக்காத குஞ்சில் அவை வாரக்கணக்கில் அப்படியே நின்று வரவை எதிர்பார்த்துக்கொண்டிருக்கின்றன. குடியேற்றம் நடந்து ஏறத்தாழ 12 மணி நேரத்துக்குப் பின் எதிருயிரி மருந்து கொடுத்துப் பாக்டீரியாக்களை ஒழித்துவிட்டாலும் நீட்சிகளின் அழிவு நிற்பதில்லை. கட்டளை அதற்குள் பிறப்பிக்கப்பட்டுவிட்டது. அந்தக் கட்டளையைத் தரும் பொருள்களைத் தேடியபோது 2004இல் கிடைத்த விடை வியப்பளித்தது: பாக்டீரியாவின் செல்சுவரிலிருந்து கழன்று விழும் ஒரு பெப்டிடோகிளைக்கான் துண்டு. மருத்துவர்களுக்கு இது பழைய எதிரி. கக்குவான் இருமலில் மூச்சுக்குழாயின் குற்றிழைச் செல்களைச் சிதைப்பதும் இதே மூலக்கூறுதான், அதனாலேயே மூச்சுக்குழாய்ச் செல்நஞ்சு என்று அதற்குப் பெயர். மனிதக் குழந்தைக்கு நோயாக முடியும் மூலக்கூறு கணவாய்க் குஞ்சுக்கு வளர்ச்சியின் ஒரு படியாக அமைகிறது என்றால், நஞ்சு என்றும் மருந்து என்றும் மூலக்கூறுகளைப் பிரித்து எழுதிவந்த பாடநூல்கள் சற்றுத் திருத்தப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை.

நோய் எதிர்ப்புச் செல்களும் இந்த உறவில் கல்வி பெறுகின்றன. கணவாயின் இரத்தச் செல்கள் வேறு பாக்டீரியாக்களைக் கண்டால் பற்றி விழுங்குகின்றன, விப்ரியோ ஃபிஷெரியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. ஆனால் முதிர்ந்த கணவாயிலிருந்து பாக்டீரியாவை மருந்தால் அகற்றிச் சில நாட்கள் விட்டால், அதே இரத்தச் செல்கள் விப்ரியோ ஃபிஷெரியையும் முன்னைவிட அதிகமாகப் பற்றத் தொடங்குகின்றன. சகிப்புத்தன்மை பிறவியில் வந்த குணமாக மட்டும் இருந்தால் இவ்வாறு நடக்க வழியில்லை. உடனிருப்பால் அது நிலைநிறுத்தப்படுகிறது.

ஒளிராத பாக்டீரியாவின் நிலை என்ன என்பது இயல்பாக எழும் கேள்வி. ஒளியை உண்டாக்குவது செலவுள்ள வேலை. ஆக்சிஜனும் ஆற்றலும் அதற்கு வேண்டும். ஒளி மரபணுக்களை இழந்துவிட்ட ஒரு திரிபு, உணவை மட்டும் வாங்கிக்கொண்டு வேலை செய்யாமல் தங்கிவிட முடியும் என்று எதிர்பார்க்கலாம். அத்தகைய திரிபுகளை ஆய்வாளர்கள் உருவாக்கிக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். முதலில் அவை நன்றாகவே குடியேறின, ஆனால் ஓரிரு நாட்களில் அவற்றின் எண்ணிக்கை ஒளிரும் வகையைவிடத் தெளிவாகக் குறைந்தது. எவ்வழியிலோ கணவாய் தன் குடியானவனின் விளைச்சலைச் சரிபார்க்கிறது. ஒளியுறுப்புக்கு ஒளியை உணரும் திறன் இருப்பது இதற்கு உதவலாம் என்று கருதப்படுகிறது. பரஸ்பர நன்மை, நேசம் என்றெல்லாம் பொதுவாக வருணிக்கப்படும் கூட்டுவாழ்வு, நெருங்கிப் பார்த்தால், கண்காணிப்பும் கண்டிப்பும் கலந்த ஏற்பாடாகவே தெரிகிறது. இந்த ஏற்பாட்டில் கணவாயின் கை ஓங்கியிருப்பதும் மறைக்க முடியாதது.

அந்த ஓங்கிய கையைத் தெளிவாகக் காட்டுவது ஒவ்வொரு விடியலிலும் நடக்கும் வெளியேற்றம். பொழுது புலர்ந்து ஒளி பட்டதும், மணலில் புதையும் வேளையில், கணவாய் தன் ஒளியுறுப்பிலுள்ள பாக்டீரியாக்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றை அடர்ந்த கூழாகத் துளைகள் வழியே கடலில் பிதுக்கிவிடுகிறது. தயிருக்கு உறைமோர் எடுத்துவைப்பது போல எஞ்சிய சிறு பகுதி உள்ளேயே நிறுத்தப்படுகிறது; பகல் முழுவதும் அது பெருகி, மாலைக்குள் உறுப்பை மீண்டும் நிரப்பிவிடுகிறது. ஒளி தேவைப்படாத பகலில் அத்தனை கோடி வாய்களுக்குத் தீனி போடுவதைத் தவிர்க்க இது ஒரு வழி. வேகமாக வளரும் இளம் செல்களையே எப்போதும் வைத்திருக்கவும் வழி. வெளியேற்றத்தைத் தூண்டுவது ஒளிதான் என்பதால், இருட்டிலேயே வைக்கப்பட்ட கணவாயில் அது தள்ளிப்போகிறது. வெளியேறிய பாக்டீரியாக்களுக்கும் இது முழு இழப்பன்று: கணவாய்கள் வாழும் கடற்பகுதியின் நீரில் விப்ரியோ ஃபிஷெரி மிகுந்திருப்பதற்கு இந்த அன்றாட வெளியேற்றமே காரணம், அடுத்து அங்கே பொரியும் குஞ்சுகள் தமக்குத் தேவையானதைப் பெறுவதும் இதிலிருந்துதான்.

இரவு நேரத்தின் உணவு ஏற்பாடு இன்னும் நுட்பமானது. முதிர்ந்த கணவாயில், இரத்தச் செல்கள் இரவில் ஒளியுறுப்பின் அறைகளுக்குள் இறங்கிக் கைட்டினைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து உண்ணும்போது அறையின் அமிலத்தன்மை உயர்கிறது. கணவாயின் இரத்தம் நீலநிறமுடையது, அதில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்புக்குப் பதிலாகச் செம்பு கொண்ட ஹீமோசயனின். அமிலம் மிகும் இடத்தில் அது தன் ஆக்சிஜனை எளிதில் கைவிடும். இவ்வாறு, உணவாகக் கொடுத்த சர்க்கரையே அமிலமாகி, அமிலமே ஆக்சிஜனை வரவழைத்து, ஆக்சிஜனே ஒளிக்கு வழிசெய்கிறது. வெறும் உணவுப் பரிமாற்றத்தை ஒளியின் நேரத்தோடு பிணைத்துவிடும் இந்த வேதியியல், 2014, 2015ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில் படிப்படியாகத் தெளிவானது. கணவாயின் உடற்கடிகாரமும் இதில் பிணைந்திருக்கிறது: உயிரினங்களின் நாள்சுழற்சியோடு தொடர்புடைய கிரிப்டோகுரோம் மரபணு ஒன்று ஒளியுறுப்பில் ஏறி இறங்குவதற்குச் சூரிய ஒளி மட்டும் போதவில்லை, உள்ளிருக்கும் பாக்டீரியாவின் ஒளியும் வேண்டும் என்று 2013இல் அறியப்பட்டது.

இவ்வளவு நெருக்கமான பொருத்தம் உருவாக எத்தனை மரபணு மாற்றங்கள் தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணத் தோன்றும். 2009இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு அந்த எண்ணத்துக்கு எதிரான ஒரு சான்றை முன்வைத்தது. ஜப்பானியக் கடலில் வாழும் அன்னாசிமீன் என்னும் ஒளிரும் மீனிலும் விப்ரியோ ஃபிஷெரி உண்டு; அந்த வகை கணவாய்க்குள் நன்கு குடியேறுவதில்லை. கோழையில் திரளாகச் சேர்வதற்கு உதவும் ஆர்எஸ்சிஎஸ் என்னும் ஒரே ஒரு கட்டுப்பாட்டு மரபணுவைச் சேர்த்ததும் மீனின் பாக்டீரியா கணவாயில் குடியேறியது. ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்குத் தாவ ஒரு மரபணு போதும் என்னும் செய்தி, விலங்குகளிலிருந்து மனிதருக்குத் தாவும் நோய்க்கிருமிகளை ஆராய்வோருக்கும் உரியது.

மருத்துவத்தில் பாக்டீரியா என்ற சொல்லுக்கு நெடுங்காலம் எதிரி என்பதே பொருளாக இருந்தது. மனிதக் குடலில் நூற்றுக்கணக்கான இனங்கள் நன்மை செய்து வாழ்கின்றன என்பது தெரிந்த பிறகும், அந்தப் பெருங்கூட்டத்தில் எது எதைச் செய்கிறது என்று பிரித்தறிவது பெரும்பாடாகவே இருக்கிறது. ஒரே விலங்கு, ஒரே உறுப்பு, ஒரே பாக்டீரியா இனம் என்னும் கணவாயின் எளிமை அங்கேதான் கைகொடுக்கிறது: சிக்கலான குடலில் கேட்க முடியாத கேள்வியை இங்கே கேட்டு, கிடைத்த விடையைக் கொண்டு அங்கே எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். மெக்ஃபால்-நகாயும் பல துறைகளைச் சேர்ந்த அறிஞர்களும் இணைந்து 2013இல் வெளியிட்ட கட்டுரை, விலங்குகள் பாக்டீரியாக்கள் நிறைந்த உலகில் தோன்றி அவற்றோடு சேர்ந்தே உருவானவை என்றும், கருவளர்ச்சி முதல் நோய் எதிர்ப்புவரை உயிரியலின் பல கிளைகளை அந்த நோக்கில் மறுபடி எழுத வேண்டும் என்றும் வாதிட்டது. ஒரு கணவாயின் ஆதாரத்தில் அவ்வளவு பெரிய கட்டடம் எழுப்பலாமா என்று ஐயுறுவோர் இருக்கலாம். எலியிலும் வரிக்குதிரை மீனிலும் நடந்த ஆய்வுகளிலும் குடல் வளர்ச்சிக்குப் பாக்டீரியாவின் வரவு தேவைப்படுவது தெரிந்திருப்பதால், அந்த ஐயம் முன்போல வலுவாக இல்லை.

இதே எளிமையின் காரணமாகக் கணவாய்க் குஞ்சுகள் விண்வெளிக்கும் சென்றன. எடையற்ற நிலையில் விண்வெளி வீரர்களின் நோய் எதிர்ப்பாற்றல் குறைகிறது. நன்மை செய்யும் பாக்டீரியாக்களோடு உடல் கொண்டுள்ள உறவும் அங்கே மாறுகிறதா என்பதை ஆராய, 2011இல் எண்டெவர் விண்கலத்தின் கடைசிப் பயணத்திலும், 2021 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் சரக்குக்கலத்திலும் குஞ்சுகள் அனுப்பப்பட்டன. இரண்டாம் பயணத்தில் சென்றவை 128. எடையற்ற நிலையைத் தரையில் செயற்கையாக உண்டாக்கி நடத்திய சோதனைகளில், குடியேற்றம் நடப்பது தடைபடவில்லை என்றாலும், அதைத் தொடர்ந்து வரும் உடல்மாற்றங்களின் கால ஒழுங்கு பிறழ்வது தெரியவந்தது.

பெண் கணவாயின் உடலில் பாக்டீரியாக்களுக்கென்று மற்றுமோர் உறுப்பும் உண்டு. இனப்பெருக்க உறுப்புகளோடு சேர்ந்த அந்தத் துணைச்சுரப்பியில் பல இன பாக்டீரியாக்கள் கலந்து வாழ்கின்றன. முட்டையிடும்போது அவை முட்டையைச் சூழும் கூழ்ப்படலத்தில் சேர்க்கப்படுகின்றன. பவளப்பாறையின் அடியிலும் கற்களின் இடுக்கிலும் காவலின்றி விடப்படும் முட்டைகளை 3 வாரம் பூஞ்சையிலிருந்து காப்பது இவற்றின் வேலை. எதிருயிரி மருந்தால் இந்தப் பாக்டீரியாக்களை நீக்கிய முட்டைகளைப் பூஞ்சை படர்ந்து அழித்ததை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆண்டில் கணவாயின் முழு மரபுத்தொகுதியும் படித்து முடிக்கப்பட்டது. மனிதனுடையதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரியதான அந்தத் தொகுதியில் இரு உறுப்புகளின் மரபணுக்களையும் ஒப்பிட்டபோது, அவை தோன்றிய வழிகள் வேறு வேறு என்று தெரிந்தது. ஒளியுறுப்பு பெரும்பாலும் கண் முதலிய பழைய உறுப்புகளில் ஏற்கெனவே இருந்த மரபணுக்களை இரட்டித்தும் புதிய வேலைக்குத் திருப்பியும் உருவானது. முட்டைகளைக் காக்கும் சுரப்பியிலோ, வேறு விலங்குகளில் இணை காணப்படாத, இந்தக் கணவாய்ப் பரம்பரைக்கே உரிய புதிய மரபணுக்கள் மிகுதியாகச் செயல்படுகின்றன.